அமெரிக்கக் காங்கிரஸ் சட்ட நூலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டக் கல்லூரி நூலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். வாஷிங்டனில் இருக்கும் அந்தப் பெரிய சட்ட நூலகத்தைப் பற்றி வகுப்பெடுக்கப் போகும் இடமெல்லாம் மாணவர்களும் இளம் வக்கீல்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் சில உண்டு. அவற்றுக்கு என்னால் இயன்ற பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

உலகிலேயே பெரிய சட்ட நூலகம் என்கிறார்களே, அது எது?

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். அதற்குச் சொந்தமான காங்கிரஸ் நூலகத்தின் ஒரு பிரிவுதான் இந்தச் சட்ட நூலகம். நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஜேம்ஸ் மேடிசன் நினைவுக் கட்டடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 29 லட்சம் நூல்தொகுதிகள் அங்கே உள்ளன. அமெரிக்கச் சட்டத்தோடு நின்றுவிடாமல் உலக நாடுகள் அனைத்தின் சட்டங்களையும் சேர்ப்பதை அது தன் கடமையாக வைத்திருக்கிறது. நடைமுறையில் அமெரிக்காவின் தேசியச் சட்ட நூலகம் அதுதான்.

பொது நூலகம் ஒன்று இருக்கும்போது சட்டத்துக்கென்று தனி நூலகம் எதற்கு?

1832-க்கு முன்பு இதே கேள்வியை அங்கேயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது உச்ச நீதிமன்றமும் கேப்பிடல் கட்டடத்துக்குள்ளேயே நடந்தது. நீதிபதிகள் நூலகத்தைப் பயன்படுத்த 1812-லேயே அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் சட்டப் புத்தகங்கள் வரலாறு, கவிதை, பயண நூல்களோடு ஒரே இடத்தில் கிடந்தன. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தீர்ப்புத் திரட்டைத் தேடி எடுக்க வேண்டியவருக்கு அந்த ஏற்பாடு எவ்வளவு இடைஞ்சல் என்பது, கட்டு அவிழ்ந்த கோப்பில் ஒரு தாளைத் தேடியவர்களுக்குத் தெரியும்.

1832 ஜூலை 14 அன்று குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு வழி செய்தது. நூலகத்துக்கு அருகிலேயே, எளிதில் போய்வரக்கூடிய ஓர் அறையைச் சட்ட நூலகத்துக்காக ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது அது. புத்தகம் வாங்க உடனடியாக 5,000 டாலரும், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1,000 டாலரும் ஒதுக்கினார்கள். பொதுத் தொகுப்பிலிருந்து 2,011 புத்தகங்கள் அந்த அறைக்குப் போயின. அவற்றில் 639 புத்தகங்கள் முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் வைத்திருந்தவை.

அந்தத் தனி அறையின் அருமை 19 ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1851 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், புகைபோக்கியில் இருந்த கோளாறால் பொது நூலகத்தில் தீப்பிடித்தது. இருந்த 55,000 புத்தகங்களில் சுமார் 35,000 எரிந்து போயின. ஜெஃபர்சனிடமிருந்து வாங்கியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அந்த நெருப்போடு போயிற்று. வேறு அறையில் இருந்த சட்டப் புத்தகங்கள் தப்பின.

1860-இல் உச்ச நீதிமன்றம் மேல்தளத்துக்கு மாறியதும், அது காலி செய்த பழைய மன்றத்துக்குள் சட்ட நூலகம் குடியேறியது. 1844-இல் தந்தி முறைக்குப் பேர்போன சாமுவேல் மோர்ஸ் தன் புகழ்பெற்ற தந்திச் செய்தியை பால்டிமோருக்கு அனுப்பியதும் அந்த அறையிலிருந்துதான். இப்போதைய மேடிசன் கட்டடத்துக்கு நூலகம் வந்தது 1981-இல்.

ஜெஃபர்சனின் புத்தகம் என்று எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

1814-இல் பிரிட்டிஷ் படை கேப்பிடலுக்குத் தீ வைத்தபோது அங்கிருந்த முதல் நூலகம் அழிந்தது. அந்த இழப்பை ஈடுகட்ட 1815-இல் ஜெஃபர்சனின் சொந்த நூலகத்தைக் காங்கிரஸ் விலைக்கு வாங்கியது. 6,487 புத்தகங்கள், விலை 23,950 டாலர்.

ஜெஃபர்சன் முதல் பக்கத்தில் பெரிதாகப் பெயர் எழுதும் வழக்கம் உள்ளவர் அல்லர். அக்காலத்தில் புத்தகத்தை அச்சிட்டு மடித்துத் தைக்கும்போது, ஒவ்வொரு மடிப்பின் முதல் பக்க அடியிலும் அச்சகத்தார் அகர வரிசைப்படி ஓர் எழுத்து அச்சிடுவார்கள், கட்டுபவருக்கு வரிசை தெரிவதற்காக. அவர்கள் பின்பற்றிய லத்தீன் அகரவரிசையில் 'ஜே' (J) என்ற எழுத்துக்குத் தனி இடம் இல்லை. 'ஐ' (I) தான் அதற்கும் சேர்த்து. ஜெஃபர்சன் 'ஐ' அச்சாகியிருக்கும் மடிப்புக்குப் போய், அதற்கு முன்னால் பேனாவால் 'டி' (T) என்று எழுதுவார். பிறகு 'டி' அச்சாகியிருக்கும் மடிப்புக்குப் போய், அதற்குப் பின்னால் 'ஐ' என்று எழுதுவார். இரண்டு இடத்திலும் தாமஸ் ஜெஃபர்சனின் முதலெழுத்துகள் வந்துவிடும். பாதி அச்சு, பாதி அவர் கை. முதல் பக்கத்தைக் கிழித்து எடுத்தாலும் உரிமையாளர் பெயர் உள்ளே இருக்கும். நூலகர்கள் இன்றும் பக்கத்தின் அடியைப் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள்.

சட்ட நூலகத்தில் நாள் முழுக்க என்னதான் வேலை இருக்கும்?

மற்ற நூலகங்களில் புத்தகம் வந்து, முத்திரை குத்தி, அடுக்கில் ஏறிவிட்டால் வேலை முடிந்தது. சட்டப் புத்தகம் அப்படி இல்லை, அடுக்கில் ஏறிய பிறகும் மாறிக்கொண்டே இருக்கும்.

அமெரிக்கச் சட்டப் புத்தகங்கள் பலவற்றின் பின்னட்டை உட்புறத்தில் ஒரு பை போன்ற பிளவு இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை, அந்தப் புத்தகம் வெளியான பிறகு வந்த திருத்தங்களையும் தீர்ப்புகளையும் தொகுத்து மெல்லிய இணைப்பு ஒன்றைப் பதிப்பகம் அனுப்பும். அதன் பின்புறம் கெட்டி அட்டை ஒட்டியிருக்கும். பழைய இணைப்பை உருவி எடுத்துவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். இணைப்பு மிகவும் தடித்துவிட்டால் புத்தகம் மூடாது; அப்போது அது தனிப் புத்தகமாகப் பக்கத்தில் நிற்கும். படிக்க வருபவர் முன்பக்கம் பார்ப்பதற்கு முன் பின்னட்டையைப் பார்க்க வேண்டும் என்று சட்ட நூலகர்கள் சொல்வது இதனால்தான்.

இன்னொரு வகை, வளையக் கோப்பில் கோத்த தனித்தாள் நூல். திருத்தம் வந்தால் புத்தகத்தையே மாற்ற மாட்டார்கள். இத்தனை முதல் இத்தனை பக்கம் வரை எடு, இதை வை என்று ஒரு குறிப்புத் தாளோடு கட்டுத் தாள் வரும். என் நூலகத்திலும் வரிச் சட்டத்துக்கு இப்படி ஒரு தொகுப்பு இருந்தது. ஒரு முறை இரண்டு கட்டுகளை வரிசை மாற்றிக் கோத்துவிட்டேன். எடுக்க வேண்டிய பக்கம் ஏற்கெனவே இல்லை, வைக்க வேண்டிய பக்கத்துக்கு முந்தைய பக்கம் வரவில்லை. முதலிலிருந்து பிரித்துச் சரிசெய்ய ஒரு பகல் முழுக்க ஆயிற்று. கணினி வந்த பிறகு இந்த வேலை எல்லா இடத்திலும் பெரிதும் குறைந்துவிட்டது.

இவை தவிர, உலகெங்கிலுமிருந்து வரும் அரசிதழ்களைப் பதிவு செய்வது, வராத இதழைக் கேட்டு எழுதுவது, பைண்டிங்குக்கு அனுப்புவது, கீழ்த்தளத்திலிருந்து கேட்ட நூலை எடுத்து வருவது. ஆம், பெரும்பகுதி நூல்கள் மேடிசன் கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் இருக்கின்றன. வாசகர் அங்கே போக முடியாது. கேட்டால் மேலே வரும்.

செல்லாமல் போன சட்டங்களை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்?

இதை நம் ஊர் உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும்.

இந்திய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இல்லை, அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அன்றைக்குப் பல அலுவலகங்களில் பழைய பேர் ஆக்ட் புத்தகங்கள் (விளக்கமின்றிச் சட்ட வாசகம் மட்டும் உள்ளவை) மூலைக்குப் போயின. ஆனால் 2024 ஜூன் 30 இரவு நடந்த திருட்டுக்குப் பழைய சட்டத்தின் கீழ்தான் குற்றச்சாட்டு. ஒரு செயல் நடந்த அன்று எந்தச் சட்டம் அமலில் இருந்ததோ அதை மீறியதற்காகத்தான் ஒருவரைத் தண்டிக்கலாம் என்று நம் அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வழக்குகள் மேல்முறையீடு வரை போய் முடிய எத்தனை ஆண்டுகள் ஆகுமோ, அத்தனை ஆண்டுகளும் அந்தப் பழைய புத்தகம் உயிரோடுதான் இருக்கிறது.

குடும்பச் சொத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு தரும், இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது, அந்தத் தேதிக்கு முன்பே திருமணமானவர்களை விட்டுவிட்டு. மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9-இல் வந்து அந்த வேறுபாட்டை நீக்கியது. ஒரு வீட்டில் மூத்த அக்காவுக்கும் கடைசித் தங்கைக்கும் 1990-களில் இருந்த உரிமை ஒன்றல்ல. அப்போது நடந்த பாகப்பிரிவினை ஒன்று இன்று வழக்கானால், வக்கீலுக்கு வேண்டியது இன்றைய சட்டம் மட்டும் அன்று, அன்றைய சட்டமும்தான். திருத்தப்பட்ட புதிய பதிப்பில் பழைய வாசகம் இருக்காது. யாராவது பழைய பதிப்பை எறியாமல் வைத்திருந்தால்தான் உண்டு.

காங்கிரஸ் சட்ட நூலகம் அந்த 'யாராவது'. அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 1926 முதல் வருகிறது, ஏறத்தாழ ஆறு ஆண்டுக்கு ஒரு முறை புதிய முதன்மைப் பதிப்பு. ஒவ்வொரு பதிப்பும், இடைப்பட்ட ஆண்டுகளின் இணைப்புகளும் அங்கே நிற்கின்றன. எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்றைய சட்டம் என்ன என்று காட்டிவிடலாம். புதிய புத்தகம் வாங்கப் பணம் இருந்தால் யாராலும் முடியும். பழையதை இடம் கொடுத்து வைத்திருப்பதுதான் நூலகத்தின் உண்மையான வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

பிற நாட்டு அரசிதழ்களால் அமெரிக்காவுக்கு என்ன பயன்?

வெளிநாட்டுச் சட்டம் பற்றிக் காங்கிரஸ் உறுப்பினர்களும் நீதிமன்றங்களும் அரசு அலுவலகங்களும் கேட்கும் கேள்விகளுக்கு இந்த நூலகமே எழுத்தில் பதில் தருகிறது. அதற்கென்று அந்தந்த நாட்டில் சட்டம் படித்தவர்களை வேலைக்கு வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வெளியேறிய சட்ட அறிஞர்கள் பலர் அங்கே சேர்ந்தார்கள்.

பயன் சில சமயம் அந்த நாட்டுக்கே திரும்பிப் போகும். ஆப்கானிஸ்தானில் நீண்ட போரிலும் தாலிபான் ஆட்சியிலும் சட்ட நூல்கள் அழிந்தன. 2001-க்குப் பிறகு அங்கே நீதிமன்றங்களை மீண்டும் அமைக்க முயன்றபோது, நாட்டின் பழைய சட்டங்கள் நாட்டுக்குள்ளேயே கிடைக்கவில்லை. வாஷிங்டனில் சேர்த்து வைத்திருந்த பிரதிகள் அப்போது கைகொடுத்தன. அரசிதழ் மட்டமான தாளில் அச்சாகும், சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பொடியும், அதை எவரும் அலமாரியில் அலங்காரமாக வைப்பதில்லை. ஆனால் ஒரு நாடு தன் மக்களுக்கு என்ன கட்டளையிட்டது என்பதற்கு அதுதான் முதல் சான்று.

இந்தியச் சட்ட நூல்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன?

பி.எல். 480 என்ற பெயர் நம் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும், ரேஷன் கடைக் கோதுமை. 1954-இல் வந்த அந்த அமெரிக்கச் சட்டப்படி கோதுமைக்கு இந்தியா ரூபாயிலேயே விலை கொடுத்தது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்தியப் புத்தகங்களை வாங்கினார்கள். காங்கிரஸ் நூலகத்தின் புதுதில்லி அலுவலகம் அப்படித்தான் பிறந்தது. நாம் தின்ற கோதுமையின் விலை, புத்தகமாகக் கப்பலேறி அங்கே போயிருக்கிறது. அந்த அலுவலகம் இன்றும் இயங்குகிறது. இலங்கை, வங்கதேசம், நேபாளம் உள்ளிட்ட அண்டை நாடுகளுக்கும் நூல் சேகரிக்கிறது. அது வாங்கும் மொழிகளில் தமிழும் உண்டு.

இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் பிரதியை அச்சில் எடுத்த 1,000 படிகளில் ஒன்றும் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. பிரேம் பிகாரி நாராயண் ராய்ஜாதா கையால் எழுத, நந்தலால் போஸும் அவர் மாணவர்களும் ஓவியம் தீட்டிய அந்தப் பிரதி டேராடூனில் இந்திய நில அளவைத் துறை அச்சகத்தில் அச்சானது. கணினியில் பக்கம் பக்கமாகப் புரட்டலாம்.

அடுக்கில் எப்படி வரிசைப்படுத்துகிறார்கள்?

காங்கிரஸ் நூலகப் பகுப்பு முறையில் சட்டத்துக்கு 'கே' என்ற எழுத்து. அமெரிக்கச் சட்டம் 'கே.எஃப்', இங்கிலாந்து 'கே.டி', இந்தியா 'கே.என்.எஸ்'. வியப்பு என்னவென்றால், மற்ற துறைகளுக்கெல்லாம் பகுப்பு எண்கள் உருவாகி முடிந்த பிறகும் சட்டத்துக்கு மட்டும் பல பத்தாண்டுகள் எண் இல்லை. 'சட்டம்' என்ற ஒரே சொல்லைக் குறியீடாகப் போட்டுத்தான் அடுக்கி வந்தார்கள். 'கே.எஃப்' அட்டவணை அச்சில் வந்ததே 1969-இல். பழைய குறியீடு தாங்கிய நூல்களுக்குப் புது எண் தரும் பணி பல ஆண்டுகள் நீண்டது.

பழைய தோல் கட்டுப் புத்தகங்களைத் தொட்டால் கை சிவக்கிறதே, ஏன்?

எங்கள் நூலகத்திலும் இதே கேள்விதான். 19-ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல்களை வெளிறிய பழுப்பு நிற ஆட்டுத்தோலில் கட்டி, முதுகில் சிவப்பு, கறுப்புப் பட்டைகள் ஒட்டுவது வழக்கம். மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய தோல், காற்றிலுள்ள கந்தக மாசைக் காலங்காலமாக உறிஞ்சி அமிலமாகிறது. பிறகு தோல் செங்கல் தூள் போல உதிரும். சட்டையிலும் மேசையிலும் ஒட்டும். போனதைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை; மேற்கொண்டு உதிராமல் இறுக்கும் கரைசலைப் பூசலாம், அமிலமற்ற அட்டைப் பெட்டியில் வைக்கலாம். வீட்டில் இருந்தால் தயவுசெய்து எண்ணெய் தடவாதீர்கள், பூசணம் பிடிக்கும்.

பழைய நூலைத் தொடக் கையுறை தேவையா என்றும் கேட்பார்கள். பெரும்பாலும் வேண்டாம். கழுவி நன்றாகத் துடைத்த வெறும் கையே நல்லது. கையுறை போட்டால் தாளின் விளிம்பு விரலுக்குத் தெரியாது, கிழிந்துவிடும்.

மாக்னா கார்ட்டா அங்கேதான் இருக்கிறதா?

மன்னரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று சொன்ன இங்கிலாந்து உரிமைச் சாசனம் அது. 1215-ஆம் ஆண்டின் மூலப் பிரதிகள் நான்கும் இங்கிலாந்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் லிங்கன் பேராலயத்துப் பிரதிக்கு வாஷிங்டனோடு நீண்ட உறவு உண்டு. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு வந்தது, போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் காங்கிரஸ் நூலகத்தில் தங்கியது. 1941 டிசம்பரில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தோடும் அரசியலமைப்போடும் சேர்த்து அதையும் கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸ் கோட்டைக்கு அனுப்பிப் பாதுகாத்தார்கள். 1946-இல் இங்கிலாந்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். 2014 நவம்பரில், 800-ஆம் ஆண்டை ஒட்டி, அதே பிரதி மீண்டும் வந்து சில வாரம் காட்சிக்கு இருந்தது. சட்ட நூலகத்துக்குச் சொந்தமாக இருப்பது, மாக்னா கார்ட்டாவையும் ஆங்கிலச் சட்டங்களையும் சேர்த்து 14-ஆம் நூற்றாண்டில் கையால் எழுதிய மிகச் சிறிய ஒரு புத்தகம்.

வக்கீலாக இல்லாதவர் உள்ளே போகலாமா? கட்டணம் உண்டா?

16 வயது நிரம்பிய எவரும் போகலாம். கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் போன்ற புகைப்பட அடையாளத்தைக் காட்டினால் அங்கேயே வாசகர் அட்டை தருவார்கள். வெளிநாட்டவருக்கும் உண்டு. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, வாசக அறையில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

என் வழக்குக்கு அவர்கள் ஆலோசனை சொல்வார்களா?

மாட்டார்கள். எந்தச் சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, எப்படித் தேடுவது என்று பொறுமையாகக் காட்டுவார்கள். அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். நம் நூலகர்களும் இதையே கடைப்பிடிக்க வேண்டும். கலங்கி நிற்பவரிடம் அரைகுறையாக ஒன்றைச் சொல்லி அனுப்புவது பெரும் தீங்கு.

ஊரிலிருந்தபடியே எதையெல்லாம் படிக்கலாம்?

நிறையவே. அமெரிக்க மசோதாக்கள் 1995 முதல் 'தாமஸ்' என்ற தளத்தில் வந்தன. ஜெஃபர்சனின் பெயர்தான் அது. இப்போது 'காங்கிரஸ்.கவ்' என்ற தளம் அதன் இடத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் திரட்டின் பழைய தொகுதிகளிலிருந்து 35,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை 2018-இல் இலவசமாக வெளியிட்டார்கள். வெளிநாட்டுச் சட்டம் குறித்து நூலகம் எழுதும் அறிக்கைகளும் இலவசம். ஏதாவது ஒரு பொருளில் பல நாட்டுச் சட்டங்களை ஒப்பிட வேண்டிய ஆராய்ச்சி மாணவர்கள் முதலில் அந்த அறிக்கைகளைப் பார்த்துவிடுங்கள், ஆறு மாத உழைப்பு மிச்சமாகும்.

பங்களிக்கவும் முடியும். 15 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையிலான ஸ்பானிய சட்டக் கையெழுத்து ஆவணங்களைப் படித்துத் தட்டச்சு செய்ய 2020-இல் பொதுமக்களை அழைத்தார்கள். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எந்த ஊரில் இருந்தாலும் சேரலாம் என்றார்கள்.

அப்பா வைத்திருந்த சட்டப் புத்தகங்களை எந்த நூலகத்துக்காவது கொடுக்கலாமா?

மாதம் ஒருவராவது என்னிடம் இதைக் கேட்கிறார். பெரிய நூலகங்களிடம் பொதுவான தீர்ப்புத் திரட்டுகள் ஏற்கெனவே இருக்கும். அவற்றுக்கு இடம் இல்லை என்பார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு பட்டியல் எழுதுங்கள். தலைப்பு, பதிப்பு, ஆண்டு, இந்த மூன்றும் போதும். சமஸ்தானச் சட்டங்கள், மாவட்ட அளவில் அச்சான விதித் தொகுப்புகள், தமிழில் வந்த பழைய சட்ட விளக்கங்கள், ஓரங்களில் குறிப்பு எழுதிய பேர் ஆக்ட், இவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

என் ஊரில் மூத்த வக்கீல் ஒருவர் காலமானபோது நான் போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. திண்ணையில் ஒரே ஒரு புத்தகம் விழுந்து கிடந்தது, அட்டை போன ஒரு குத்தகைச் சட்டப் பேர் ஆக்ட். ஒவ்வொரு பிரிவின் பக்கத்திலும் அது திருத்தப்பட்ட தேதியைச் சிவப்பு மையில் குறித்து வைத்திருந்தார். அதை என் மேசையில்தான் வைத்திருக்கிறேன். பட்டியல் எழுதி முடித்ததும் உங்கள் ஊர்ச் சட்டக் கல்லூரி நூலகரிடம் காட்டுங்கள். நேரில் போவது நல்லது.